பயப்படச் சொன்ன டொக்டர்

டொக்டர் மீராலெப்பை காலமான செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் காத்திருந்தேன். பைப்படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் பழைய பால்மாத் தகரப் பேணி, அதற்குள் சலித்த மண். குசினியில் பால் கலக்காத பிளேன்ரீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் நாய் வீரனை மாமரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தேன். முந்தின நாள் பின்னேரம் அதன் முன்னங்காலைத் தடவிப் பார்த்தபோது, பழைய தழும்புக்குப் பக்கத்தில் மிளகளவில் ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. உடனே டொக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். "காலையில வாறன் டீச்சர். அது வரைக்கும் பயந்துக்கிட்டு இரிங்க" என்றார். அது அவருடைய வழமையான பகிடி.

காலையில் தொலைபேசியில் அவருடைய பெயர்தான் தெரிந்தது. பேசியது அவருடைய மகன். "டீச்சர், வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹ் தொழுகைக்கு எழுப்பப் போனா எழும்பயில்ல" என்றார். அன்று முதலில் என் வீட்டுக்குத்தான் வருவதாக வாப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் வீணாகக் காத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்றுதான் மகன் அழைத்தாராம். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். தகப்பன் இறந்த வீட்டில், ஒரு நாய்க்காரி காத்துக்கொண்டிருப்பாளே என்று நினைக்க ஒரு மகனுக்குத் தோன்றியிருக்கிறது. வளர்ப்பு அப்படி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். இனி வீரனின் காலை யார் பார்ப்பது என்ற பயம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் கோபித்திருக்க மாட்டார். "அதுதானே ஒழுங்கு" என்றிருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் மாட்டு டொக்டர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரை அந்தக் கரை என்று பாராமல் திரிந்தவர். அக்கரையில், படுவான்கரை மாட்டுப் பட்டிகளில் அவர் கைபடாத கன்று குறைவு. அவரோடு ஒருமுறை நான் பாதையில் வாவியைக் கடந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பாதை என்றால், ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் அந்தத் தட்டையான மிதவை. நான் மாணவி ஒருத்தியின் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஒரு பசுவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் கதைத்துச் சிரித்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றார். நீந்தத் தெரியாதாம். எத்தனை வருடமாகப் போய்வருகிறீர்கள், இன்னுமா பயம் என்று கேட்டேன். "வாவி அப்பிடியேதானே இரிக்கி டீச்சர், ஆழம் குறையல்லயே" என்றார்.

ஆனால் எனக்கு அவர் மாட்டு டொக்டர் இல்லை. ஒரு நாயின் காலால் எனக்குக் கிடைத்தவர்.

அதைச் சொல்ல முதல் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணக்கு டீச்சர். வாவிக்கரையில், களுவாஞ்சிக்குடிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. என் கணவரின் பிடரியில் ஒருநாள் சின்னதாக ஒரு கட்டி வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "ஒண்டுமில்ல, கொழுப்புக் கட்டி, பயப்படாதீங்க" என்றார்கள். நாங்களும் பயப்படவில்லை. பிறகு கொழும்புப் பக்கம் கொண்டுபோனபோது, நேரம் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து யாராவது என்னிடம் "பயப்படாதீங்க" என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆறுதல் சொல்ல வந்த எத்தனையோ பேரை முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பியிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போனது இந்த வீட்டையும் வீரனையும்தான். வீரன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிற நாய்க்கு அந்தப் பெயர். ஆனால் பயந்தால் கடித்துவிடும். அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஒரு மாரி முடிந்த நேரம். வீரன் முன்னங்காலை ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது. முள் ஏறியிருக்கும் என்று காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவில் சிவப்பாக, உருண்டையாக, மயிரில்லாமல் பளபளவென்று ஒரு வளர்த்தி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் நாயின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன். பிடரியில் அந்தக் கட்டியை முதன்முதல் கண்டவளும் நான்தான்.

பக்கத்து வீட்டில் செல்லத்துரை அண்ணன் இருக்கிறார். வாவியில் மீன் பிடிக்கிறவர். என் கணவருக்கு உடன்பிறப்பு மாதிரி. நான் அழுவதைப் பார்க்க அவரால் முடியாது. "டீச்சர், இது பாலுண்ணி மாதிரித்தான் கிடக்கு. தங்கூசியால அடியில இறுக்கிக் கட்டி விட்டாத் தானா வாடி விழுந்திரும். எனக்கே கழுத்தில இருந்தத அப்பிடித்தான் விழுத்தினது" என்று சொல்லி, வலை கட்டுகிற அந்த நைலோன் நூலில் ஒரு துண்டை எடுத்து வந்து கட்டியும் விட்டார். மனிதரின் கழுத்துக்குச் சரிவந்த வைத்தியம் நாயின் காலுக்குச் சரிவராதா என்று நானும் நினைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் கால் பாதம் முழுக்க வீங்கியிருந்தது. சிவப்பாயிருந்தது நாவல்பழம்போலக் கறுத்துப்போய் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. வீரன் என்னைக் கிட்ட வர விடவில்லை. செல்லத்துரை அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிற ஒருவரின் தகப்பனுக்குப் படுவான்கரையில் மாட்டுப் பட்டி இருக்கிறது. அவர்தான் டொக்டரின் இலக்கத்தைத் தந்தார். மாட்டு டொக்டர்தான், ஆனால் கூப்பிட்டால் வருவார் என்றார்.

வந்தார். மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்தினார். ஆனால் உள்ளே வரவில்லை. கேற்றுக்கு வெளியே நின்றபடி நாயைக் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். கட்டியிருக்கிறது என்றேன். நல்லாக் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். பிறகு என்னை முன்னே விட்டுப் பின்னே வந்து, தூர நின்று முடிச்சைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், முதல்லயே சொல்லிப் போடுறன், பொறகு குறை நினைக்கப்படா. எனக்கு நாய் எண்டாப் பயம். சின்ன வயசில கடிச்சி, தொப்புளச் சுத்தி ஊசி போட்டாங்க. அண்டையில இரிந்து நாயக் கண்டா வயித்துக்குள்ள ஒரு இழுவை."

அப்படியென்றால் ஏன் இந்தப் படிப்புப் படித்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு எரிச்சல். காலை இழுத்துக்கொண்டு நிற்கிற நாய் ஒரு பக்கம், பயந்த டொக்டர் ஒரு பக்கம். "நான் மாடு படிக்கத்தான் போனன். நாயையும் சேத்துத் தந்துட்டாங்க" என்றார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நான் அன்று சிரித்தேன்.

வீரனின் வாயைப் பஞ்சுத் துணி நாடாவால் அவரே கட்டினார். கட்டி, அவிழ்த்து, திரும்பவும் கட்டினார். "பயமில்லாதவன் முடிச்ச லேசாப் போடுவான். அவனத்தான் நாய் கடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டினார். சதைக்குள் புதைந்த தங்கூசியைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செல்லத்துரை அண்ணன் வேலியோரத்தில் குற்றவாளி போல நின்றார். இவர் ஏசப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ, நல்லவேளை இதைக் கட்டினீர்கள், இல்லாவிட்டால் டீச்சர் இன்னும் ரெண்டு மாதம் நக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று செல்லத்துரை அண்ணனிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்காக அண்ணன் எதையும் செய்வார் என்ற நிலை வந்தது.

இறப்பர் கையுறை போட்டுக்கொண்டு காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். பிறகு கையுறைகளைக் கழற்றி நிலத்தில் போட்டுவிட்டு, வெறும் கையால் தொட்டார். வீரன் நக்கி நக்கி, கால் முழுக்க எச்சிலும் இரத்தமுமாக நனைந்திருந்தது. அவருடைய நெற்றியில் வேர்வை. நாய் உறுமும்போதெல்லாம் அவருடைய தோள் ஒருமுறை துள்ளும். ஆனால் விரல்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கட்டியைச் சுற்றி, விரல்களின் இடுக்குகளில், காலின் மேற்பக்கம், தோளடி வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"இதுக்கு உள்ளால ஒரு வேர் ஓடுது டீச்சர். மேல தெரியிறது நாவல்பழம். உள்ளுக்குக் கொய்யா விதை மாதிரி இன்னொண்டு இரிக்கி" என்றார்.

புற்றுநோயா என்று கேட்டேன். அந்தச் சொல்லை என் வாயால் சொல்லி வருடக்கணக்காகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வழமையான அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியா. வெட்டி அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். தொட்டே சொல்லுற ஆக்கள் இரிக்காங்க, எனக்கு அந்தக் கை இல்ல. பயப்படுங்க டீச்சர். இது பயப்பட வேண்டிய விசயந்தான். நானும் பயப்புடுறன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காலுக்குக் கீழே நிலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. என் பயத்தைப் பிடுங்க வராத முதல் மனிதர் அவர். அது என்னிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு கை கழுவினார். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு பால்மாப் பேணியை எடுத்து வந்து, யாராவது தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேட்டார். நான் ஊற்றினேன். பேணியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, நனைத்து, முழங்கை வரைக்கும் தேய்த்தார். நகக்கண்ணுக்குள்ளும் தேய்த்தார். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும், திரும்பத் திரும்ப. ஏழு தரம். ஒவ்வொரு தரமும் நான் ஊற்றி முடிக்கும் வரை கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். சவர்க்காரம் வேண்டுமா என்று கேட்டேன். அது வீட்டில் போய்ப் போடுவேன் என்றார்.

அவர் போன பிறகு செல்லத்துரை அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. "என்ன டீச்சர், நம்மட வீரன் என்ன அவ்வளவு அசுத்தமா?" என்று குறைப்பட்டார். மனதுக்குள் வைத்துப் புழுங்குவது என் பழக்கமில்லை. அடுத்த முறை வந்தபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே நேராகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இது நாய்க்கு எதிரான கழுவல் இல்ல டீச்சர். நாயிட ஈரம் பட்டா இப்பிடிக் கழுவித்தான் தொழணும், அது எங்கட ஒழுங்கு. உறை போட்டுப் பாத்தா இந்தக் கரைச்சலே இல்ல. ஆனா உறைக்கு அந்த விதை தெரியாதே."

நான் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்கு நாயென்றால் பயம். நாயின் எச்சில் பட்டால் இவ்வளவு வேலை. இரண்டுக்கும் ஒரு சோடி கையுறை போதும். அதைத்தான் அவர் கழற்றி வைத்தார். "எத்தினையாவது?" என்று கேட்டார். நான் கணக்கு டீச்சர், எனக்கே எண்ணிக்கை மறந்துபோயிற்று. முதலிலிருந்து கழுவினோம்.

விரலோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார். கட்டியை மட்டும் எடுத்தால் விதை தங்கிவிடும். விரலை எடுத்தால் கொஞ்சநாள் நொண்டும், பிறகு பழகிவிடும். வயது போன நாய், மயக்க மருந்தில் முழிக்காமலும் போகலாம். இதையெல்லாம் ஒன்றையும் மறைக்காமல், பிளேன்ரீ குடித்துக்கொண்டே சொன்னார். முடிவை என்னிடம் விட்டார். என் கணவருக்கு வெட்டலாமா வேண்டாமா என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை, கேட்கிற கட்டம் தாண்டிப்போயிருந்தது. வெட்டுங்கள் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விறாந்தையில் பழைய கதவொன்றை இரண்டு நீள வாங்குகளுக்குக் குறுக்கே போட்டோம், அதுதான் மேசை. செல்லத்துரை அண்ணன் பின்னங்கால்களைப் பிடிக்க வந்தார். டொக்டர் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். விரல்கள் நடுங்கின. எங்களுக்குத் தெரியாமல் பார்க்கவில்லை. எங்களுக்கும் காட்டினார். இது நிற்கிற வரைக்கும் ஊசி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியில் போய் இருந்தார். என் பாடசாலையைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகளுக்குப் பின்னம் ஏன் விளங்குவதில்லை என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பிறகு திரும்பவும் கைகளை நீட்டிப் பார்த்தார். நின்றிருந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

என் வேலை வீரனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பது. நெஞ்சு ஏறும்போதெல்லாம் "மூச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் காலை மட்டும்தான் பார்ப்பார், என் குரல்தான் அவருக்கு மற்றக் கண். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூச்சு. மூச்சு. கத்தி பட்ட சத்தத்தைக் கேட்காமலிருக்க இன்னும் பலமாகச் சொன்னேன். தெருவில் போனவர்கள் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஒரு நேரம் வந்தது, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நெஞ்சு ஏறவில்லை. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். ஏறவில்லை.

"சொல்லுங்க டீச்சர்."

"இல்ல டொக்டர்."

அவர் கத்தியை வைத்துவிட்டார். வாய்க்கட்டை அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, விலாவை அமத்தினார். அமத்தினார், விட்டார், அமத்தினார். நாயென்றால் வயிற்றுக்குள் இழுவை வரும் மனிதர், கட்டவிழ்ந்த வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு அந்த நெஞ்சில் காதை வைத்திருந்தார். செல்லத்துரை அண்ணன் "அம்மாளே, அம்மாளே" என்று முணுமுணுத்தார். டொக்டர் வாய்க்குள் ஏதோ ஓதினார். நான் எந்தக் கடவுளிடமும் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது. என் கண் மட்டும் அந்தக் கபில நிற மயிரில் இருந்தது. அது மெல்ல மேலே எழும்பியது. "மூச்சு" என்றேன். திரும்பவும் சொன்னேன்.

தையல் போட்டு முடித்து வீரனைச் சாக்கில் கிடத்திய பிறகு டொக்டர் நிலத்தில் இருந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. "இப்பதான் டீச்சர் எனக்கு வருது. அது காத்துக்கிட்டு இரிந்திருக்கு பாருங்க, நல்ல பயம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்த விறாந்தையில் மூன்று பயந்தாங்கொள்ளிகளாக இருந்து, சீனி கூடின பிளேன்ரீ குடித்தோம். நாலாவது பயந்தாங்கொள்ளி சாக்கில் படுத்துக் குறட்டை விட்டது.

வெட்டி எடுத்ததை மருந்துப் போத்தலில் போட்டு, கண்டிப் பக்கம் பஸ்ஸில் போகிற ஒருவரிடம் கொடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், பாதியில் கை நின்றுவிடும். பின்னேரம் வீட்டுக்கு வந்து கேற்றைத் திறக்கும்போது, வீரன் நொண்டி நொண்டி ஓடிவரும். அதைப் பார்க்கச் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை, பயம் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வரும். "இன்னும் வரல்ல டீச்சர். நானும் பயந்துக்கிட்டுத்தான் இரிக்கன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கும். இரண்டு பேர் பயப்பட்டால் பயம் பாதியாகும் என்று கணக்கில் ஒரு விதியும் இல்லை. ஆனால் ஆகிறது.

ஒருநாள் தொலைபேசி வரவில்லை, ஆள் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாயைக் கட்டியிருக்கிறதா என்று கேட்காமலே கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பயப்பட மறக்கிற அளவுக்குக் கெட்ட செய்தி என்று நினைத்தேன். வீரன் கட்டில்லாமல் வளவில்தான் நின்றது. நொண்டிக்கொண்டு போய் அவருடைய கையை நக்கியது. அவர் அப்படியே விறைத்துப்போய் நின்றார். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"கெட்ட சாதிக் கட்டிதானாம் டீச்சர். ஆனா வெட்டின ஓரமெல்லாம் சுத்தமாம். விதையும் அதுக்குள்ளதான் இரிந்திச்சாம்" என்று சொல்லிவிட்டு, "இவரக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

நான் வீரனைப் பிடிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் பாவம், அசையாமல் அங்கேயே நின்றார். அன்றைக்குத்தான் அந்தப் பேணியைப் பைப்படியில் வைத்துவிட்டுப் போனார். இனி இங்கே அடிக்கடி வர வேண்டியிருக்கும், இது இங்கேயே இருக்கட்டும் என்றார்.

சொன்னபடி வந்தார். மூன்று விரலில் வீரன் நடக்கவும் ஓடவும் பழகிவிட்ட பிறகும் வந்தார். படுவான்கரையிலிருந்து திரும்பும்போது சில நாட்களில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றையும் கொண்டுவருவார். இடைப்பட்ட நாட்களில் நானே காலைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை. கண்ணால் பார்க்க வேண்டாம், விரலால் பாருங்கள் என்பார். கண் நமக்கு வேண்டியதைத்தான் பார்க்குமாம், விரலுக்கு அந்தக் கள்ளம் தெரியாதாம். அப்படித் தடவியபோதுதான் அந்த மிளகு தட்டுப்பட்டது. அவர் வருவதாகச் சொன்ன காலையும் விடிந்தது. அவர் வரவில்லை.

அன்று பின்னேரம் வரை நான் வீட்டிலேயே இருந்தேன். லுஹர் நேரம் தாண்டியது. இப்போது அடக்கம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மாமரத்தடிக்குப் போய் வீரனின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தடவினேன். இல்லாமல் போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. அது அங்கேயே இருந்தது. வீரன் என் கையை முழங்கை வரைக்கும் நக்கியது.

காத்தான்குடிக்குப் போவதற்குச் செல்லத்துரை அண்ணன் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். சேலை மாற்ற எழும்பியவள் பைப்படியில் நின்றுவிட்டேன். காலையில் அவருக்கென்று பிடித்து வைத்த தண்ணீர் வாளியில் அப்படியே இருந்தது. பேணியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தேன். நனைத்து, முழங்கை வரைக்கும் தேய்த்தேன். நகக்கண்ணுக்குள்ளும் தேய்த்தேன். பிறகு கோப்பையால் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். ஒரு கையால் ஊற்றி மறு கையைக் கழுவுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்லத்துரை அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து கோப்பையை என் கையிலிருந்து வாங்கி ஊற்றினார். இந்த முறை எண்ணிக்கை தவறவில்லை.

டொக்டரின் வீட்டில் அண்ணன் வெளியே ஆண்களோடு இருந்தார். என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். டொக்டரின் மனைவியை நான் அதற்கு முதல் கண்டதில்லை. வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தார். நான் யார் என்று மகன் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுகை இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நகத்துக்குள்ள மண் இரிக்கி" என்றார். "அவருக்கும் இப்பிடித்தான். சோறு போடக்குள்ள பாத்துப் பாத்து ஏசுவன்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கால் என்ன மாதிரி என்று கேட்டார். முந்தின இரவு டொக்டர் படுக்கப் போகும் வரைக்கும் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தாராம். நான் உண்மையைச் சொன்னேன். இன்னும் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றேன். அவர் பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்போலும்.

மட்டக்களப்பு டவுனில் உள்ள ஓர் இளம் டொக்டர், பெண்பிள்ளை, அந்த மிளகை வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார். பழைய டொக்டர் எப்படிப் பார்ப்பார் என்று நான் சொன்னபோது, அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றியது. இதை எழுதும்போது முடிவு வரவில்லை. மஃரிப் முடிந்த நேரத்தில் தொலைபேசி அடிப்பதில்லை. அந்த நேரம் வந்ததும் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்: இன்னும் வரவில்லை, நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். வீரன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பயத்தைத்தான். முடிச்சை இறுக்கிக் கட்டுகிற பயம். கை நடுக்கம் நிற்கும்வரை படியில் போய் இருக்கிற பயம். கையுறையைக் கழற்றுகிற பயம். பேணியில் மண் குறைந்திருந்தது. வாவிக்கரையில் கொஞ்சம் அள்ளிவந்து, சலித்து, இன்று நிரப்பி வைத்தேன்.